நடுப்பகலில் எரிந்த ஹெட்லைட்

பேய், பிசாசு, காத்து, கருப்பு இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்தது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை அந்த மாதிரி ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் கார் எலக்ட்ரீஷியன். பேர் ஏகாம்பரம். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் மெயின் ரோட்டை ஒட்டி என் ஷெட் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான். தானாக ஹாரன் அடிக்கிறது, யாரும் தொடாமலே வைப்பர் ஓடுகிறது, சுடுகாட்டைத் தாண்டும்போது மட்டும் இன்ஜின் அணைந்துபோகிறது என்று மிரண்டுபோய் எத்தனையோ பேர் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருத்தர் எலுமிச்சம்பழம் கட்டி, தகடு கட்டி, வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் என்னிடம் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தால் எலி ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது. எலி இல்லாவிட்டால் எர்த் லூசாக இருக்கும். இரண்டில் ஒன்று. இதுவரைக்கும் மூன்றாவது ஒன்றை நான் பார்த்தது இல்லை, அதாவது போன சித்திரை வரைக்கும் பார்த்தது இல்லை.

சிரிக்கிறதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் சரளா என்று ஒருத்தர் இருக்கிறார். நர்ஸ். முசரவாக்கம் பக்கம் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை. எங்கள் ஏரியாவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, எல்லோருக்கும் சிஸ்டர்தான். என் மாமியாருக்குச் சர்க்கரை ஊசியைத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது அவர்தான், என் கையில் ஆசிட் பட்டபோது வீட்டுக்கே வந்து பத்து நாள் கட்டு மாற்றியதும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் மனோகரனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வருவது பெரிய பாடாக இருக்கிறதே என்று, நாற்பது வயசை நெருங்கும்போது சிஸ்டர் டிரைவிங் கற்றுக்கொண்டு, மூன்று வருஷம் ஓடிய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். கியர் மாற்றுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மாற்றுகிற அளவுக்கு நிதானமாக ஓட்டுவார்.

வண்டி வாங்கிய முதல் வாரமே ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணா, எதிர்ல வர்றவங்க எல்லாம் என்னைப் பார்த்து இப்படி இப்படி காட்டிக்கினே போறாங்க" என்று ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்தார். பகலில் உன் லைட் எரிகிறது என்று சொல்வதற்கு நம் ரோட்டில் எல்லோரும் காட்டுகிற சைகை அது.

நான் முன்னால் போய்ப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்குக் கீழே புருவம் மாதிரி வளைந்த வெள்ளைக் கோடு இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது.

"இது ஹெட்லைட் இல்ல சிஸ்டர். டிஆர்எல்லுன்னு சொல்லுவோம். பகல் லைட்டு. இன்ஜின் ஓடற வரைக்கும் எரிஞ்சிக்கினுதான் இருக்கும்."

"பகல்ல எதுக்குண்ணா லைட்டு? எனக்கு நல்லாதான தெரியுது?"

"உங்களுக்குத் தெரியறதுக்கு இல்லமா. நீங்க வர்றது மத்தவங்களுக்குத் தெரியறதுக்கு."

அன்றைக்கே ஹெட்லைட் சுவிட்சையும் காட்டினேன். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் இருக்கிற தண்டின் முனையை 'ஆட்டோ' என்று எழுதியிருக்கிற இடத்தில் வைத்துவிட்டால் போதும், டேஷ்போர்டின் மேல் கறுப்புப் பொட்டு மாதிரி ஒரு சென்சார் இருக்கிறது, இருட்டானால் அதுவே ஹெட்லைட்டைப் போடும், வெளிச்சம் வந்தால் அதுவே அணைக்கும், நீங்கள் அதைத் தொடவே வேண்டாம் என்றேன். அவரும் தொடவில்லை. காலை டியூட்டி முடித்து மத்தியானம் வீடு திரும்புகிறவருக்கு அதைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை.

பங்குனி வெயில் ஆரம்பித்த சமயத்தில் மறுபடி வந்தார். லைட்டு தானாக எரிகிறது என்றார். பகல் லைட்டா என்று கேட்டேன். இல்லை, ஹெட்லைட், மீட்டரில் பச்சை விளக்கு வருகிறது என்றார். முசரவாக்கம் தாண்டி ஊருக்கு வருகிற வழியில் இரண்டு பக்கமும் வயக்காடாக ஒரு இடம் வரும், அங்கே மட்டும் எரிகிறதாம்.

"மரம் இருக்கும் சிஸ்டர். நிழல்ல போனா சென்சார் ஏமாந்து போடும்."

"மரமே இல்லண்ணா. பாலமும் இல்ல. மொட்டை வெயில். ஒரு நொடி வரும், உடனே போயிடும்."

சென்சார் மேல் தூசி இருக்கும் என்று துடைத்துக் கொடுத்தேன். சென்சிட்டிவிட்டி என்று ஒரு செட்டிங் உண்டு, எவ்வளவு இருட்டானால் லைட் போடவேண்டும் என்று வைப்பது, அதையும் கடைசிக்குக் குறைத்துவிட்டேன். நிறைய இருட்டினால்தான் இனிமேல் எரியும். வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"இப்ப ரொம்ப நேரம் எரியுதுண்ணா. நான் எண்ணிக்கினு வரேன். முன்னாடி ஒண்ணு ரெண்டுக்குள்ள அணைஞ்சுடும். நேத்து ஏழு எண்ணினேன். இன்னைக்கு ஒன்பது."

எதிரே வந்த பஸ் டிரைவர் திட்டிவிட்டுப் போனாராம். பேட்டரி வீணாகப் போகிறது என்று மனோகரனும் வீட்டில் சத்தம் போடுகிறாராம். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது. வாருங்கள், நானே பார்த்துவிடுகிறேன் என்று ஸ்கேனரை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்கேனர் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரில் சொருகி, ஒவ்வொரு சென்சாரும் அந்த நிமிஷம் என்ன காட்டுகிறது என்று படிக்கிற கருவி. கை அகலத்துக்கு ஒரு திரை இருக்கும்.

உச்சி வெயில். தார் ரோடு ஈரமாக இருப்பது மாதிரி தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிச்சத்தின் அளவு மேலே நின்றது, ஏதாவது மரத்தடி வந்தால் கொஞ்சம் இறங்கி ஏறியது, எல்லாம் சரியாக இருந்தது. முசரவாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வயக்காடு வந்தது. "இங்கதான்" என்று சிஸ்டர் சொல்லி வாயை மூடுவதற்குள் திரையில் நம்பர் பூஜ்யம் ஆனது. இறங்கி இறங்கிப் போய்ப் பூஜ்யம் ஆகவில்லை, யாரோ கத்தியால் வெட்டியது மாதிரி ஒரே வெட்டில் பூஜ்யம். பச்சை விளக்கு எரிந்தது.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த சென்சாரை உள்ளங்கையால் பொத்தினாலும் பூஜ்யம் வராது, விரல் இடுக்கில் ஏதாவது வெளிச்சம் போகும். ராத்திரியில் ஷெட்டை மூடிவிட்டுப் பார்த்தால்கூட ஒன்றோ இரண்டோ காட்டும். சுத்தமான பூஜ்யம் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் கண்ணைத் திறக்க முடியாத வெயிலில் உட்கார்ந்துகொண்டு.

"வண்டியை நிறுத்துங்க சிஸ்டர்."

ஓரமாக நிறுத்தினார். பச்சை விளக்கு அணையவில்லை. ஹெட்லைட் நிஜமாகவே எரிகிறதா, இல்லை மீட்டர்தான் தப்பாகக் காட்டுகிறதா என்று பார்க்க இறங்கி முன்னால் போனேன். எரிந்தது. சரி என்று திரும்பி ரோட்டைப் பார்த்தேன்.

இதை நம்பினால் நம்புங்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தது. என் நிழல் காலடியில் ஒரு குட்டை உருண்டையாகக் கிடந்தது, அது சரி. அதோடு கூட, எனக்கு முன்னால், ரோட்டின் மேல், இரண்டு நிழல் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. ராத்திரியில் கார் லைட்டுக்கு முன்னால் நின்றால் விழுமே, ஒரு விளக்குக்கு ஒன்றாக, அந்த மாதிரி, கறுகறுவென்று, தலை எங்கே முடிகிறது என்று தெரியாத நீளத்துக்கு. கையைத் தூக்கினேன். இரண்டும் கையைத் தூக்கின. நடுப்பகல் வெயிலில் ஹெட்லைட்டால் நிழல் விழ வைக்க முடியாது. எந்தக் கம்பெனி பல்பாக இருந்தாலும் முடியாது. சுற்றிலும் இருட்டாக இருந்தால்தான் அது விழும்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். என்ன அண்ணா என்று சிஸ்டர் கேட்டார். "ஒண்ணும் இல்ல, சென்சார் வேஸ்ட்டு, மாத்திடலாம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் வந்ததும் நம்பர் மேலே ஏறி லைட் அணைந்தது.

மறுநாள் புது சென்சார் வாங்கிப் போட்டேன். மூன்றாவது நாள் சிஸ்டர் வந்து நின்றார். அன்றைக்குப் பதினைந்து எண்ணினாராம்.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நிழலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாள் அந்த வழியே வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருஷமாக எர்த்து, எலி என்று சொல்லிச் சிரித்த வாய்க்கு அது வரவில்லை. ஆட்டோ லைட்டையே கட் பண்ணிவிடலாம் சிஸ்டர், உங்களுக்கு அது தேவையே இல்லை என்றேன்.

சிஸ்டர் உடனே சரி என்று சொல்லவில்லை. "வேணாமோன்னு தோணுதுண்ணா" என்றார். "ஆஸ்பத்திரில மானிட்டர் கத்துச்சுன்னா நாங்க மானிட்டரை அணைக்க மாட்டோம். பேஷன்ட்டுக்கு என்னன்னுதான் பார்ப்போம்."

"அது மனுஷன் சிஸ்டர். இது வண்டி" என்று சொல்லிச் சிரித்தேன்.

ஸ்கேனரைச் சொருகி ஆட்டோ ஹெட்லைட்டை எடுத்துவிட்டேன். தண்டையும் ஆஃபில் வைத்தேன். பகல் லைட்டை மட்டும் விட்டுவைத்தேன், அதை எடுக்கக் கூடாது என்பதால். இரண்டு நாள் கழித்து ரோட்டில் பார்த்தபோது, இப்போது பிரச்சனை இல்லை அண்ணா என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சித்திரை பாதி தாண்டியிருக்கும். மத்தியானம் ஒன்றரை மணி. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. சிஸ்டர்.

"அண்ணா, ஹெட்லைட்டை எப்படிப் போடறது?"

"இன்னா சிஸ்டர்? எங்க இருக்கீங்க?"

"ரோட்டுலதான். வண்டியை ஓரமா நிறுத்திட்டேன்னு நினைக்கறேன், சரியா தெரியல. இருட்டாயிடுச்சுண்ணா."

நான் வெளியே பார்த்தேன். எதிர்ப்பக்கம் தர்பூசணிக் கடைக்காரர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மேகமா சிஸ்டர்? மழை வருதா அங்க?"

"மேகம் இல்லண்ணா. இருட்டு. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்ல."

"தலை சுத்துதா? கண்ணு கிண்ணு மங்குதா?"

"இல்ல. மீட்டர் நல்லா தெரியுது. முள்ளு, நம்பர் எல்லாம் படிக்கறேன். வெளியிலதான் இருட்டு. அந்த இடந்தான்ணா. லைட்டு எரியுமே, அந்த இடம்."

அவர் குரலில் பதற்றமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நர்ஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு குரல் உண்டு, ரத்தத்தைப் பார்த்தாலும் மாறாத குரல், அதில் பேசினார். வலது கைப்பக்கத் தண்டின் முனையைப் பிடித்து முன்பக்கமாக இரண்டு தடவை திருப்புங்கள் என்றேன். போனில் டிக், டிக் என்று இரண்டு சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு" என்றார்.

"சிஸ்டர்? இன்னா தெரியுது?"

"ஆளுங்க."

"எத்தினி பேரு?"

"நிறைய பேருண்ணா. ரோடு பூரா. வண்டிக்குக் கிட்டவே நிக்கறாங்க. லைட்டு கண்ணுல அடிக்குது போல, எல்லாரும் கையால மூஞ்சியை மறைச்சிக்கினு இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "எவ்ளோ நேரமா நிக்கறாங்கன்னு தெரியல. நான் வர்றதைப் பார்த்துக்கினே நின்ன மாதிரி இருக்குது" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஹெட்லைட் போடாமல் அந்த இருட்டுக்குள் போயிருக்கிறார், முன்னால் பகல் லைட் மட்டும் எரிந்துகொண்டு. அவருக்கு யாரையும் தெரிந்திருக்காது. அவர் வருவது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்படிச் செய்து வைத்தவன் நான்.

"சிஸ்டர், கதவைத் திறக்காதீங்க. லாக் பண்ணிக்குங்க. நான் வரேன்."

"அணைக்கச் சொல்றாங்கண்ணா."

"யாரு?"

"முன்னாடி நிக்கறவரு. கையைக் காட்றாரு."

"அணைக்காதீங்க! நான் சொல்றது கேக்குதா? லைட்டை மட்டும் அணைக்காதீங்க!"

"கண்ணு கூசுதுண்ணா அவங்களுக்கு. பாவம்" என்றார், ஊசிக்குப் பயப்படுகிற குழந்தையிடம் பேசுவது மாதிரி.

டிக், டிக்.

போன் கட்டாகவில்லை. இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அலறலோ அழுகையோ எதுவும் இல்லை. நான் சிஸ்டர் சிஸ்டர் என்று கத்திக்கொண்டே பைக்கை எடுத்தேன்.

செவிலிமேட்டிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை நேரம் ஆனது என்று எனக்கு நினைவில்லை. எத்தனை பேர் திட்டினார்கள் என்றும் நினைவில்லை. தூரத்திலிருந்தே வெள்ளைக் கார் தெரிந்தது. கொஞ்சமும் கோணாமல், இடது ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தியிருந்தது. முன்னால் பகல் லைட் எரிந்தது. ஒரு ஆள் புல்லுக்கட்டை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரிடம் கேட்டேன்.

"வண்டி அரை மணியா நிக்குதுபா" என்றார். "அந்தம்மா போன் பேசிக்கினு இருக்குதுன்னு நான் கண்டுக்கல."

"வேற யாராவது நின்னாங்களா? கூட்டமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இந்த வெயில்லயா?" என்றார்.

கண்ணாடியைத் தட்டினேன். சிஸ்டர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். தட்டிய சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். தடவித் தடவி லாக்கைத் திறந்தார்.

"யாரு?"

"நான்தான் சிஸ்டர். ஏகாம்பரம்."

"போயிட்டாங்களா எல்லாரும்?"

"இங்க யாரும் இல்ல சிஸ்டர்."

"அப்ப லைட்டைப் போடுங்கண்ணா" என்றார்.

வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. கண் இரண்டும் திறந்திருந்தது. இமை ஆடவே இல்லை.

அன்றைக்கு மனோகரன் ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். முதலில் இங்கே ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் சென்னையில் இரண்டு ஆஸ்பத்திரி. கண் நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பெரிய அதிர்ச்சி வந்தால் சிலருக்கு இப்படி ஆகும், தானாகத் திரும்பும், காத்திருங்கள் என்றார் ஒரு டாக்டர். என்ன அதிர்ச்சி என்று அவர் கேட்டபோது மனோகரன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பூஜ்யத்தையும் நிழலையும் அவரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வண்டியை அந்த மாதமே விற்றுவிட்டார். வாங்கியவர் வெளியூர்க்காரர், அந்த வழியில் வருகிற வேலை இல்லாதவர், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் சிஸ்டர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் பெண்சாதி கலா தினமும் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். நான் ஒருநாளும் போகவில்லை, போக முகம் இல்லை. ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் சிஸ்டர் எழுந்து, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாராம். சத்தம் கேட்டு மனோகரன் எழுந்துவந்து பார்த்தால், பால் பாக்கெட்டில் இருக்கிற தேதியைப் படித்துக்கொண்டு நிற்கிறாராம். எப்படிப் போனதோ அப்படியே வந்துவிட்டது. எங்கள் தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வைகாசியில் மச்சினி கல்யாணத்துக்காக எடுத்த சாம்பல் கலர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போனேன். சிஸ்டர் இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. காபி கொடுத்தார். மன்னித்துவிடுங்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள், அதெல்லாம் பேசக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டார். எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, அந்தப் பாக்கெட் பட்டன் மட்டும் ஏன் சிவப்பா இருக்குது?"

குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தேன். "அதுவா? கிளம்பறப்ப பட்டன் கையோட வந்துடுச்சு சிஸ்டர். கலா டப்பால கெடச்சதை எடுத்துத் தெச்சுட்டா."

"எப்ப?"

"இப்பதான். ஒரு மணி நேரம் இருக்கும்."

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். டம்ளர் சாய்ந்து காபி தரையில் சிந்தியது. கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனோகரன் என்னை கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"அன்னைக்கு லைட்டை அணைக்கச் சொல்லி ஒருத்தரு கையைக் காட்டினாருன்னு சொன்னா இல்லண்ணா? மூஞ்சி தெரியலையாம். ஒரு கையால மறைச்சிக்கினு இருந்தாராம். சட்டை மட்டும் நல்லா தெரிஞ்சுதாம். கண்ணு தெரியாம கெடந்த நாளெல்லாம் அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. சாம்பல் கலர் சட்டை, பாக்கெட்ல ஒரு சிவப்பு பட்டன்னு."

நேராக வீட்டுக்குப் போகாமல் பாலாற்றுப் பாலத்துக்குப் போனேன். பாக்கெட் பட்டனைப் பல்லால் கடித்துப் பிய்த்து, எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் மணலில் வீசினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிச் சுருட்டி பீரோவின் அடியில் திணித்தேன். எரிக்கக் கை வரவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், வாங்கிப் போட்டுக்கொள்கிறவன் அந்த இருட்டில் போய் நிற்பானோ என்று நினைக்கும்போது அதுவும் முடியவில்லை. கலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

போன மாதம் வேறு எதையோ தேடி பீரோவைத் திறந்தேன். அந்தச் சட்டை துவைத்து, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் தொங்கியது. பாக்கெட்டில் சிவப்புப் பட்டன்.

"இது யாரு தெச்சது?" என்றேன்.

"நான்தான்" என்றாள் கலா, சமையல்கட்டிலிருந்து. "பட்டன் இல்லாம சுருண்டு கெடந்துச்சு. அதே மாதிரி இன்னொண்ணு டப்பால இருந்துச்சு, தெச்சு வெச்சேன். போட்டுக்குங்க, அது உங்களுக்கு நல்லா இருக்குது."

ஆகட்டும் என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் குளித்துவிட்டு வரும்போது, அன்றைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்துக் கட்டிலின் மேல் வைப்பது கலாவின் பழக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். இப்போதெல்லாம் குளித்து முடித்த பிறகும் பாத்ரூம் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்கிறேன்.